மாணவர் தேர்தலும் அமானிதமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலத்தின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம் உயிரிலும் மேலான முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவனவாக.

கண்ணியத்துக்குரிய நேயர்களே! அன்பின் பெற்றோர்களே! நாளைய சமூகத்தைச் சுமக்கவிருக்கும் வாலிபச் செல்வங்களே! 

இன்றைய உரைக்காக நான் தெரிவு செய்திருக்கும் விடயம் உங்களுள் சிலருக்குச் சிறிய விடயமாகத் தோன்றக் கூடும். பாடசாலைகளிலும் அறபுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடைபெறும் மாணவர் தேர்தல்களைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகின்றேன். "பிள்ளைகளின் தேர்தலுக்கு ஒரு பயானா?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லி விடுகின்றேன்.

எமது நாட்டின் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடைபெறுகின்றது. வேட்புமனு, வாக்குச்சீட்டு, வாக்குப் பெட்டி, வாக்கெண்ணல் என்று பெரியவர்களின் தேர்தலில் உள்ள யாவும் அங்கேயும் உண்டு. அறபுக் கல்லூரிகளில் மாணவர் மன்றங்கள் இருக்கின்றன. எமது தோப்பூரிலிருந்து உயர்கல்விக்காகச் செல்லும் பிள்ளைகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ, கோணேசபுரியில் உள்ள அதன் திருகோணமலை வளாகத்துக்கோ, தூரத்துப் பல்கலைக்கழகங்களுக்கோ செல்கின்றார்கள். அங்கும் மாணவர் ஒன்றியங்கள் இருக்கின்றன. ஆக, பதினெட்டு வயதில் நாட்டின் வாக்காளர் இடாப்பில் பெயர் பதியப்படுவதற்கு முன்னரே எமது பிள்ளை வாக்களிக்கப் பழகி விடுகின்றான்; வாக்குக் கேட்கவும் பழகி விடுகின்றான். எப்படிப் பழகுகின்றானோ அப்படியே வளர்கின்றான். நாளை பிரதேச சபையிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அமரப் போகின்றவன் அவன்தான். தொட்டிலில் பழகியது சுடுகாடு மட்டும் என்று நம் முன்னோர் சொன்ன சொல் இதற்கும் பொருந்தும்.

அளவையில் நீதி

வாலிபர்களே! நமது பிரதேசம் நெல் விளையும் பூமி. மரைக்கால் என்றால் என்ன, அவணம் என்றால் என்ன என்பதை உங்கள் வாப்பாமாரிடம் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள். நெல்லை வாங்கும்போது மரைக்காலைக் குவித்து அளந்து, விற்கும்போது தலைதட்டி அளக்கின்ற ஒருவரை ஊரார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அல்குர்ஆனில் ஒரு முழு அத்தியாயம் இத்தகையவர்களின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. அது ஸூரத்துல் முதஃப்பிஃபீன். மக்களிடமிருந்து வாங்கும்போது நிறைவாக அளந்து கொண்டு, மக்களுக்குக் கொடுக்கும்போது குறைத்து விடுகின்றவர்களுக்குக் கேடுதான் என்ற கடும் எச்சரிக்கையுடன் அது ஆரம்பிக்கின்றது. இந்த எச்சரிக்கை நெல்லுக்கும் அரிசிக்கும் மாத்திரம் உரியதன்று. தனக்கொரு நீதி, பிறருக்கொரு நீதி என்று வாழ்கின்ற எல்லோரையும் இது உள்ளடக்கும் என்று விளக்கமளித்த அறிஞர்கள் உள்ளனர்.

இப்போது தேர்தலைப் பாருங்கள். என்னுடைய சுவரொட்டியைக் கிழித்தால் அது அநியாயம். எதிராளியின் சுவரொட்டியை என் நண்பன் கிழித்தால் அது உற்சாகம். என்னைப் பற்றிக் கூறப்படும் பொய் அவதூறு. அவனைப் பற்றிக் கூறப்படும் பொய் பிரசாரம். என் உறவினர் எனக்கு வாக்களித்தால் அது பாசம். அவனது உறவினர் அவனுக்கு வாக்களித்தால் அது குடும்பவாதம். நான் வென்றால் தேர்தல் நீதியானது. அவன் வென்றால் வாக்கெண்ணியவர்கள் மோசடிக்காரர்கள். இது தலைதட்டி அளக்கின்ற மரைக்கால் அல்லாமல் வேறு என்ன?

இன்றைய உரையில் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்: தேர்தலில் நீதி என்பது, உனக்கு நீ அளந்து கொள்கின்ற அதே மரைக்காலால் உன் எதிராளிக்கும் அளப்பதாகும். இதை இழந்து பெறுகின்ற பதவியில் பரக்கத் இல்லை.

பதவி கேட்கலாமா?

"ஹஸ்ரத், பதவியைக் கேட்டுப் பெறுவதை நபியவர்கள் தடுத்திருக்கின்றார்களே, அப்படியானால் தேர்தலில் நிற்பதே கூடாதல்லவா?" என்று மார்க்கப் பற்றுள்ள மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரழி) அவர்களுக்கு, தலைமைப் பதவியைத் தேடிக் கேட்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். கேட்டுப் பெற்றால் அதனோடு நீர் தனித்து விடப்படுவீர், கேளாமல் கிடைத்தால் உமக்கு உதவி கிடைக்கும் என்ற கருத்தில் அந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அபூதர் (ரழி) அவர்களிடம், பொறுப்பு என்பது அமானிதம், அதை உரிய முறையில் ஏற்று நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்களுக்கு மறுமையில் அது இழிவும் கைசேதமுமாகும் என்று எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் உள்ளது.

அதே வேளை, யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாமாகவே கேட்டதாகக் குர்ஆன் கூறுகின்றது. கேட்டபோது தமது குலப் பெருமையை அவர்கள் சொல்லவில்லை, அழகைச் சொல்லவில்லை. பாதுகாக்கக் கூடியவன், அறிந்தவன் என்ற இரண்டு தகுதிகளை மாத்திரமே முன்வைத்தார்கள். பஞ்சம் வரப் போகின்றது, அதை நிர்வகிக்கத் தகுதியானவர் வேறு இல்லை, ஆகவே முன்வந்தார்கள். பதவியின் மீதுள்ள ஆசையே தடுக்கப்பட்டது, தகுதியுள்ளவர் தேவையை உணர்ந்து பொறுப்பேற்க முன்வருவது தடுக்கப்படவில்லை என்று அறிஞர்கள் இவ்விரண்டையும் இணைத்து விளக்குவர்.

எனவே வேட்புமனுவை நிரப்புவதற்கு முன் உன்னையே கேட்டுப் பார்: அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டுமா, அந்தப் பொறுப்புக்கு நான் வேண்டுமா?

வாக்காளனுக்கும் பொறுப்புண்டு. பாகிஸ்தானைச் சேர்ந்த பேரறிஞர் முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள், வாக்குக்கு மூன்று தன்மைகள் இருப்பதாக விளக்கினார்கள். அது ஒரு சாட்சியம். அது ஒரு பரிந்துரை. அது ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கும் செயல். தகுதியற்றவன் என்று தெரிந்து கொண்டே, அவன் எங்கள் தெருக்காரன் என்பதற்காகப் புள்ளடியிடுகின்ற மாணவன், பொய்ச் சாட்சி சொன்னவனாகின்றான். நீதியின் சாட்சியாளர்களாக இருங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சரியே என்று ஸூரத்துந் நிஸாவின் 135 ஆவது வசனம் கட்டளையிடுவதை இங்கே நினைவிற் கொள்ளுங்கள்.

'ஆம்' என்ற ஒரு சொல்

அன்பர்களே! இதை உபதேசிக்கின்ற நான் இதில் தவறிழைத்தவன். அதையும் சொல்லாவிட்டால் இந்த உரை நேர்மையாக இராது.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நான் அறபுக் கல்லூரியில் ஓதிக் கொண்டிருந்தேன். மாணவர் மன்றத்தின் செயலாளர் பதவிக்குத் தேர்தல் வந்தது. என் அறைத் தோழன் ஒருவர் போட்டியிட்டார். எதிர்த்துப் போட்டியிட்டவர் வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவர், அமைதியானவர், அதற்கு முந்திய ஆண்டு மன்றத்தின் பொருளாளராக இருந்தவர். தேர்தலுக்கு இரண்டு நாட்களுக்கு முன், இரவுச் சாப்பாட்டு வரிசையில், எனக்குப் பின்னால் நின்றவர்களிடம் நான் சொன்னேன்: "மன்றத்துக் கணக்கில் ஏதோ குறையுதாம்."

கவனியுங்கள். "குறைகின்றது" என்று நான் சொல்லவில்லை. "குறையுதாம்" என்றுதான் சொன்னேன். தமிழில் அந்த 'ஆம்' எவ்வளவு வசதியானது! சொன்னவன் நானில்லை, யாரோ சொன்னார்கள், நான் கேட்டதைச் சொன்னேன். உண்மையில் எனக்கு எவரும் சொல்லவில்லை. அந்த 'யாரோ' நானேதான். மறுநாள் அஸருக்குள் அந்தச் சொல் விடுதி முழுவதும் பரவி விட்டது. அவர் நான்கு வாக்குகளால் தோற்றார்.

பின்னர் கணக்குப் புத்தகம் கைமாறியது. ஒரு சதமும் குறையவில்லை. நூலகத்துக்கு வாங்கிய கிதாபுகளுக்குப் பணம் போதாமல் போனபோது அவர் தமது கைப்பணத்தையும் போட்டிருந்தார். அதை அவர் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் கிண்ணியாவில் ஒரு திருமண வீட்டில் அவரைச் சந்தித்தேன். ஓரமாக அழைத்துச் சென்று, அந்தச் சொல் என்னுடையதே என்று ஒப்புக் கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் ஹலாலாக்கி விட்டேன் மௌலவி. ஆனால் அது எங்கள் வாப்பாவின் காதுக்கும் போயிருந்தது. லீவில் வீட்டுக்குப் போனபோது, காசு எடுத்தாயா மகன் என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அவர் மவுத்தாகி விட்டார்."

நேயர்களே! ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு விட்டேன். அந்தத் தந்தையிடம் எங்கே போய்க் கேட்பேன்?

நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், வங்குரோத்தானவன் யார் என்று வினவிய ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றுடன் மறுமையில் வந்து, இவனை ஏசியதற்காகவும் அவன் மீது பழி சுமத்தியதற்காகவும் தன் நன்மைகளை எல்லாம் பிறருக்குக் கொடுத்து முடித்து விட்டு, அவர்களது பாவங்களைத் தன் தலையில் சுமப்பவனே அவன் என்று விளக்கினார்கள். ஒரு செயலாளர் பதவிக்காக, அதுவும் எனக்கல்ல, என் நண்பனுக்காக, நான் அந்தப் பட்டியலில் சேரப் பார்த்தேன்.

இன்று அந்தச் சாப்பாட்டு வரிசை வாட்ஸ்அப் குழுமமாக மாறி விட்டது. இரண்டு நாட்களில் பரவியது இரண்டு நிமிடங்களில் பரவுகின்றது. "எனக்கு வந்ததை அனுப்பினேன்" என்கின்ற வாசகம், என்னுடைய 'ஆம்' என்ற சொல்லின் புதிய வடிவமேயாகும். ஸூரத்துல் ஹுஜ்ராத்தின் 6 ஆவது வசனம் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு பணிக்கின்றது. அறியாமையால் ஒரு கூட்டத்தினருக்குத் தீங்கிழைத்து விட்டுப் பின்னர் கைசேதப்பட நேரிடும் என்று எச்சரிக்கின்றது. விசேடமாக, போட்டியிடுபவர் ஒரு மாணவியாக இருந்தால், அவளுடைய நடத்தையைப் பற்றி ஒரு சொல் சொல்வதற்கு முன் அல்லாஹ்வை அஞ்சிக் கொள்ளுங்கள். பத்தினிப் பெண்கள் மீது பழி சுமத்துவதற்கு ஸூரத்துந் நூர் விதித்திருக்கும் தண்டனை எவ்வளவு பாரதூரமானது என்பதை ஓதிப் பாருங்கள்.

விமர்சிக்கவே கூடாதா? விமர்சிக்கலாம். சென்ற ஆண்டு பொறுப்பிலிருந்தவர் கூட்டம் கூட்டவில்லை என்றால் கூட்டவில்லை என்று கூறலாம். அவரது திட்டத்தை விட உங்கள் திட்டம் சிறந்தது என்று வாதிடலாம். பணியைப் பற்றிப் பேசுங்கள். ஆளின் மானத்தைத் தொடாதீர்கள்.

இந்தியா கற்ற பாடம்

இவ்வெல்லையை உலகச் சட்டங்களும் வகுத்திருக்கின்றன. அயல்நாடான இந்தியாவில் மாணவர் தேர்தல்களில் பணபலமும் ஆள்பலமும் பெருகியபோது, உச்ச நீதிமன்றத்தின் பணிப்பின் பேரில் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையாளர் லிங்டோ அவர்களின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு 2006 மே மாதத்தில் அறிக்கை சமர்ப்பித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜைன் நகரில் மாணவர் தேர்தல் தகராற்றின்போது பேராசிரியர் சபர்வால் என்பவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். ஒரு மாணவர் தேர்தலுக்காக ஓர் ஆசிரியரின் உயிர் போனது! அடுத்த மாதமே, 2006 செப்டெம்பரில், அக்குழுவின் விதிகளை நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அவ்விதிகளில் சிலவற்றைக் கேளுங்கள். ஒரு வேட்பாளர் 5,000 ரூபாவுக்கு மேல் செலவிடலாகாது. முடிவு வெளியாகி இரண்டு வாரங்களுக்குள் கணக்குக் காட்ட வேண்டும். அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் எழுதியதை மாத்திரம், அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஒட்டலாம். பிரசாரத்துக்கு ஒலிபெருக்கியும் வாகனமும் கூடாது. போட்டியிடுபவருக்கு 75 சதவீத வரவு இருக்க வேண்டும். சாதி, மத உணர்வுகளைத் தூண்டி வாக்குக் கேட்கக் கூடாது. வணக்கத் தலங்களைப் பிரசார மேடையாக்கக் கூடாது. எதிராளியின் கொள்கையையும் கடந்த காலப் பணியையும் விமர்சிக்கலாம். தனிப்பட்ட வாழ்க்கையைத் தொடக் கூடாது. தேர்தல் முடிந்து 48 மணித்தியாலங்களுக்குள் வேட்பாளர்கள் எல்லோரும் சேர்ந்து இடத்தைத் துப்புரவு செய்ய வேண்டும்.

விதி எழுதினால் மாத்திரம் போதுமா? போதாது. 2024 செப்டெம்பரில் டில்லிப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத் தேர்தலில் சுவர்களெல்லாம் சுவரொட்டிகளாலும் எழுத்துக்களாலும் அசிங்கப்படுத்தப்பட்டன. வாக்களிப்பு நடக்கட்டும், ஆனால் அசிங்கப்படுத்தியவற்றைத் துப்புரவாக்கும் வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்களின் பின்னர், நவம்பர் 25 ஆம் திகதியே முடிவு வெளியானது. சுவரும் மேசையும் பொதுச் சொத்து. உன்னுடைய பெயர் எழுதுவதற்காக அவற்றை உனக்கு எவரும் தரவில்லை.

எமது நாட்டிலும் சட்டம் உண்டு. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடை செய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், மாணவரையோ ஆசிரியரையோ அச்சுறுத்தி ஒரு காரியத்தைச் செய்விப்பதையும் குற்றமாக்குகின்றது. "நாங்கள் காட்டுகின்ற ஆளுக்குப் புள்ளடி போடு, இல்லாவிட்டால் பார்த்துக் கொள்வோம்" என்று விடுதியில் புதிய மாணவனை மிரட்டுகின்ற சிரேஷ்ட மாணவன், விளையாடவில்லை, குற்றம் புரிகின்றான். அச்சத்தால் இடப்பட்ட புள்ளடி, பறித்தெடுத்த பொருளைப் போன்றது. அதைக் கொண்டு பெற்ற பதவி எப்படி ஹலாலாகும்?

கொத்து ரொட்டியும் ரீலோட்டும்

அடுத்து, கையைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்தல் நெருங்கும்போது சிலரிடம் திடீரெனத் தாராள குணம் பிறந்து விடுகின்றது. ஒரு மேசைக்குக் கொத்து ரொட்டி, ஒரு வகுப்புக்குக் குளிர்பானம், கைத்தொலைபேசிக்கு ரீலோட். "இது அன்பளிப்புத்தானே ஹஸ்ரத், லஞ்சமா?" என்கின்றார்கள்.

நபி (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஸகாத் சேகரிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தையின் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் வினவினார்கள். புகாரி, முஸ்லிமில் பதிவான செய்தி இது. இதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். தேர்தல் இல்லாதிருந்தால் இந்தக் கொத்து ரொட்டி உன் மேசைக்கு வந்திருக்குமா? வந்திராது என்றால், அது அன்பளிப்பன்று. கொடுத்தவன் உன் சாட்சியத்தை விலை பேசினான், நீ விற்றாய்.

எமது நாட்டின் 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில், வாக்குக்காக உணவும் பானமும் கொடுத்து உபசரிப்பதும் குற்றமே. வேட்பாளர் தேர்தல் செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. பெரியவர்கள் இவற்றைச் சரிவரக் கடைப்பிடிக்கின்றார்களா என்பது வேறு கேள்வி. அவர்களின் குறையை நீங்கள் பின்பற்ற வேண்டிய அவசியமில்லை. உங்களது பாடசாலையில், உங்களது மன்றத்தில், "இவ்வளவுக்கு மேல் எவரும் செலவிடுவதில்லை, செலவிட்டதை எல்லோருக்கும் காட்டுவோம்" என்று வேட்பாளர்கள் அனைவரும் முன்கூட்டியே உடன்பட்டுக் கொள்ளலாமே! ஏழை வீட்டுப் பிள்ளையும் போட்டியிட வழி பிறக்கும். ஒரு கடதாசி அட்டையும் நிறப் பேனாவும் வாங்க வசதியுள்ள எவரும் வேட்பாளராகலாம்.

மதீனாவில் ஒரு தேர்வு

வாலிபர்களே! நீதியான தேர்வு எப்படியிருக்கும் என்பதற்கு நம் வரலாற்றில் ஓர் உயர்ந்த உதாரணம் இருக்கின்றது. ஹிஜ்ரி 23 ஆம் ஆண்டின் இறுதியில், அதாவது கி.பி. 644 இல், கலீஃபா உமர் (ரழி) அவர்கள் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் இருந்தார்கள். அடுத்த தலைவரைத் தெரிவு செய்ய அலீ, உஸ்மான், ஸுபைர், தல்ஹா, ஸஃத், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழியல்லாஹு அன்ஹும்) ஆகிய அறுவரை நியமித்தார்கள். புகாரியில் நீண்ட செய்தியாக இது பதிவாகியுள்ளது. அதில் நான்கு பாடங்களை மாத்திரம் எடுத்துக் காட்டுகின்றேன்.

முதலாவது, தம் மகன் அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் ஆலோசனையில் சமூகமளிக்கலாம், ஆனால் பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று உமர் (ரழி) அவர்கள் சொல்லி விட்டார்கள். அறிவிலும் பக்தியிலும் சிறந்த மகன். இருந்தும் தந்தையின் கை மகனுக்காக அளவையைக் குவிக்கவில்லை.

இரண்டாவது, ஸஃத் (ரழி) அவர்களை ஒரு பொறுப்பிலிருந்து உமர் (ரழி) அவர்கள் முன்னர் நீக்கியிருந்தார்கள். அதை வைத்து எவரும் அவர்களைக் குறைத்துப் பேசிவிடக் கூடாதல்லவா? ஆகவே, இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ நான் அவரை நீக்கவில்லை என்று அந்த வேதனையிலும் தெளிவுபடுத்தினார்கள். மரணப் படுக்கையில் இருந்த ஒருவர் இன்னொருவரின் மானத்தைக் காப்பாற்றி விட்டுச் சென்றார். நானோ, திடகாத்திரமாக நின்று கொண்டு ஒரு பொருளாளரின் மானத்தை வாங்கினேன்.

மூன்றாவது, தேர்வை நடத்தும் பொறுப்பு அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்களிடம் வந்தது. அவர்கள் முதலில் போட்டியிலிருந்து தாம் விலகிக் கொண்டார்கள். அளப்பவன் வாங்குபவனாக இருக்கக் கூடாது என்பதே இதன் தாத்பரியம். வாக்கெண்ணும் மாணவரும் பொறுப்பாசிரியரும் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, முடிவைச் சொல்வதற்கு முன்னர் அலீ (ரழி) அவர்களிடமும் உஸ்மான் (ரழி) அவர்களிடமும் தனித்தனியே ஓர் உறுதிமொழி பெற்றார்கள். உம்மைத் தெரிவு செய்தால் நீதியுடன் நடக்க வேண்டும். மற்றவரைத் தெரிவு செய்தால் செவிசாய்த்துக் கட்டுப்பட வேண்டும். இருவரும் வாக்களித்தார்கள். உஸ்மான் (ரழி) அவர்கள் தெரிவானார்கள். அலீ (ரழி) அவர்களும் பைஅத் செய்தார்கள்.

இந்த உறுதிமொழி ஒவ்வொரு மாணவர் தேர்தலுக்கும் உரியது. பெட்டி திறக்கப்படும் முன்னர், வேட்பாளர்கள் எல்லோரும் சக மாணவர்களின் முன்னால் நின்று, "வென்றால் எனக்கு வாக்களிக்காதவருக்கும் நீதியுடன் பணி செய்வேன்; தோற்றால் வென்றவரோடு ஒத்துழைப்பேன்" என்று சொல்லட்டும். முடிவு தெரிந்த பின் இதைச் சொல்வது கடினம். தெரியாதபோது சொல்லி விட்டால், பின்னர் நாணமாவது நம்மைத் தடுத்து நிறுத்தும்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பிள்ளைகளின் தேர்தலைக் கெடுப்பவர்கள் பல வேளைகளில் பிள்ளைகளல்லர். ஊரிலுள்ள கட்சிப் பிரிவினையையும் குடும்பப் பகையையும் ஜமாஅத் வேறுபாட்டையும் நாமே அவர்களின் புத்தகப் பையில் வைத்து அனுப்புகின்றோம். "அந்த வீட்டுப் பிள்ளைக்கா வாக்களித்தாய்?" என்று கேட்கின்ற தந்தை, பத்தாண்டு காலமாகத் தாம் கற்பித்த நேர்மையை ஒரு கேள்வியால் அழித்து விடுகின்றார். வாக்கு இரகசியமானது. உங்கள் பிள்ளையின் வாக்கும் இரகசியமானதே. அதைக் கேட்காதீர்கள்.

மாலையில் பிள்ளை வீடு வந்ததும், "வென்றாயா?" என்பது முதற் கேள்வியாக இருக்க வேண்டாம். "தோற்றவரோடு பேசினாயா மகன்? வென்றவருக்கு வாழ்த்துச் சொன்னாயா?" என்று கேளுங்கள். நீங்கள் எதைக் கேட்கின்றீர்களோ, அதையே அவன் முக்கியமென்று எண்ணிக் கொள்வான்.

இத்துடன் எங்களைப் போன்ற உலமாக்களுக்கும் ஒரு சொல். மிம்பர் எந்த வேட்பாளரினதும் மேடையன்று. மார்க்கக் கூட்டங்களில் வாக்காளர்களைத் தூண்டுவதைத் தகாத செல்வாக்கு என்று எமது நாட்டின் தேர்தல் சட்டமும் கொள்கின்றது. எப்படித் தெரிவு செய்ய வேண்டும் என்று நான் கூறுவேன். யாரைத் தெரிவு செய்ய வேண்டும் என்று கூற மாட்டேன்.

நேயர்களே! 2006 ஆகஸ்டில் யுத்தத்தால் மூதூரும் தோப்பூரும் இடம்பெயர்ந்து, நாம் கந்தளாயில் அகதிகளாக நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். உலருணவுப் பொதிக்காக வரிசையில் நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். பொதி கொடுத்துக் கொண்டிருந்த ஓர் இளைஞனின் சொந்தச் சாச்சி பின்னால் நின்றார். அவர் கையசைத்தார். "வரிசையில வாங்க சாச்சி" என்று மரியாதையாகச் சொல்லி விட்டு, முன்னால் நின்ற அறிமுகமில்லாத பெண்ணுக்கு அவன் பொதியைக் கொடுத்தான். அவனை எந்தத் தேர்தலிலும் எவரும் தெரிவு செய்திருக்கவில்லை. ஆனால் தலைவன் என்ற சொல்லைக் கேட்கும்போது இன்றும் என் கண்முன் வருவது அவனது முகம்தான். எல்லாவற்றையும் இழந்து நின்ற அந்நாளில் எங்களுக்குக் கிடைத்த நீதி, அந்த ஒரு வரிசையிலேதான் இருந்தது.

அத்தகைய இளைஞர்களை உருவாக்குகின்ற பாசறைகளாக எமது மாணவர் மன்றங்கள் ஆகட்டும். நேற்று எவரைப் பற்றியேனும் ஒரு 'ஆம்' சொல்லியிருந்தால், இன்றே அவரைத் தேடிச் சென்று ஹலாலாக்கிக் கொள்ளுங்கள். அவரது வாப்பாவும் உயிரோடிருக்கும்போதே சென்று விடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளைப் பொய்யிலிருந்தும் எங்கள் கைகளை லஞ்சத்திலிருந்தும் பாதுகாப்பாயாக! அமானிதத்தை அதற்குரியவரிடம் ஒப்படைப்பவர்களாக எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் ஆக்குவாயாக! வெற்றியில் பணிவையும் தோல்வியில் பொறுமையையும் தந்தருள்வாயாக! எங்கள் சொல்லால் காயப்பட்டு, நாங்கள் மன்னிப்புக் கேட்க முன்னரே உன்னிடம் வந்து சேர்ந்தவர்களின் தரஜாக்களை உயர்த்துவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.